குன்னூரில் கதவு சாத்தாத ஒரு நாக்குப் பயிற்சி

"தம்பிக்கு வாய் எப்பவுமே இப்படித் தொறந்தேதான் இருக்குமாங்க?"

கேட்டது டாக்டர் இல்லை. எதிர் பெஞ்சில் குரங்குக் குல்லா போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி. எட்டுப் பேர் காதில் விழும்படி கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் 11 வருடம் இருந்தாயிற்று. அங்கே அடுத்தவர் பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பொது இடத்தில் யாரும் பேச மாட்டார்கள். ஆனால் பாட்டி கேட்டது சரியான கேள்வி. நாங்கள் வந்ததே அதற்குத்தான்.

மகனுக்கு 9 வயது. பின்பற்களைக் கடித்தாலும் மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் சேராது. நூடுல்ஸை முன்பல்லால் அறுக்க முடியாது. விழுங்கும்போது அந்தச் சந்து வழியாக நாக்கு முன்னே வந்துவிடும். மூச்சும் பெரும்பாலும் வாயால்தான். கம்பி போட்டுப் பல்லைச் சேர்த்தாலும் நாக்கு பழைய இடத்திலேயே கிடந்தால் இடைவெளி திரும்ப வரலாம் என்று லீட்ஸில் பல் மருத்துவர் சொல்லிவிட்டார். நாக்கு, உதடு, கன்னத் தசைகளைப் பழக்கும் மயோஃபங்ஷனல் தெரபியைத் தனியாரிடம் காணொளியில் நான்கு முறை பார்த்தோம். முறைக்கு 80 பவுண்டு. ஒவ்வொரு முறையும் "நாக்கை ஸ்பாட்டில் வை" என்பார்கள். மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னே ஈறு மேடாக இருக்கும் இடம் அது. திரையில் படம் காட்டினார்கள், பொம்மை வாயைத் திறந்து காட்டினார்கள். அவனுக்கு அந்த இடம் பிடிபடவே இல்லை.

ஊருக்கு வந்திருந்தபோது, கோவையிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் மலையேறிக் குன்னூர் வந்து ஒரு பல் கிளினிக்கில் உட்காருகிறார் என்று நாத்தனார் சொன்னார். பலகையில் காலை 10 மணி என்றிருந்தது. 10:40-க்குப் போய்க் கேட்டேன். "வந்துட்டே இருக்காங்க மேடம்." 11:15-க்கு, "பர்லியாறு தாண்டிட்டாங்க." 12 மணிக்கு, "காட்டேரி பக்கம் ரோட்டுல மரம் விழுந்துடுச்சாம்." ஜூலை மழையில் மரம் விழுவது யார் குற்றமும் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் டோக்கன் போடும்போதே எல்லாருடைய கைப்பேசி எண்ணையும் எழுதி வாங்கியிருந்தார்கள். ஒரு குறுஞ்செய்தி போதும், நாங்கள் வீட்டில் இருந்திருப்போம். லீட்ஸில் 10 நிமிடம் தாமதம் என்றாலே செய்தி வந்துவிடும். இங்கே என்னைத் தவிர யாருக்கும் கோபம் வரவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. டீயும் வர்க்கியும் வாங்கிவந்து, எங்களுக்கும் கொடுத்து, நிம்மதியாகக் காத்திருந்தார்கள்.

1 மணிக்கு அவர் வந்தார். நனைந்த குடையை மூலையில் வைத்துவிட்டு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். மைசூரில் பேச்சு, செவிப்புலன் படிப்பு முடித்தவர். இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தார். (ஊரில் இப்படி ஒருவரிடம் போகிறவர்கள் அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) உள்ளே போனதும் நான் கதவைச் சாத்தினேன். அவர் எழுந்துவந்து திறந்து வைத்தார்.

"இருக்கட்டும்க்கா. இருக்கிறதே ஒரு பெரிய கண்ணாடி. இன்னும் மூணு பிள்ளைங்க வரட்டும்."

அங்கே முதல் சந்திப்புக்கு முன்பே தனியுரிமைப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இங்கே வெளியில் இருந்த பாட்டி தன் பேரனின் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டார். கம்பி போட்ட ஒரு பெண், விரல் சூப்பும் ஒரு குட்டிப் பெண், பாட்டியின் பேரன், என் மகன். நான்கு பேரும் கண்ணாடி முன்னால்.

முதலில் ஆளுக்கொரு துண்டு வர்க்கி. மென்று விழுங்கும் நேரத்தில் கீழுதட்டை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தார். நான்கில் மூன்று பேருக்கு நாக்கு பற்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தது. அப்புறம், "பந்து சொல்லுங்க" என்றார். "நாக்கு எங்க தொட்டுச்சு?" பல்லில். "இப்ப பன்னு." நாக்கு கொஞ்சம் மேலே ஏறியது. "கண்ணு." இன்னும் பின்னே போனது. "பந்துல நாக்கு தப்பான வீட்டுல இருக்கு. பன்னுல சொந்த வீட்டுக்கு வந்துடுச்சு. அங்கேயே வச்சுட்டு வாயை மூடுங்க."

என் மகன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "இதுதான் ஸ்பாட்டா அம்மா?" என்றான்.

தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று மூன்றாம் வகுப்பில் டீச்சர் சொல்லித் தந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தகரம் பிறக்கும் இடத்தில் ந, றகரம் பிறக்கும் இடத்தில் ன, டகரம் பிறக்கும் இடத்தில் ண. நாக்கு எங்கே தொடும் என்பது பெயரிலேயே இருக்கிறது. 320 பவுண்டு கொடுத்துத் தேடிய இடம் என் வாயிலேயே, என் மொழியிலேயே இருந்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது.

அடுத்தது குதிரை. நாக்கு முழுவதையும் மேலண்ணத்தில் ஒட்டி இழுத்து 'டக்' என்று விடுவது. ஊட்டி ஏரிக்கரைக் குதிரை மாதிரி யார் நன்றாக ஓடுகிறார்கள் என்று போட்டி வைத்தார். லீட்ஸில் மூன்று முறை செய்துவிட்டு அழுத பிள்ளை, இங்கே பாட்டியின் பேரனை முந்த 40 முறை செய்தான். வாசலில் பாட்டி எண்ணிக்கொண்டிருந்தார். கதவு ஏன் திறந்திருந்தது என்று புரிந்தது.

ஒன்றை அவர் அழுத்திச் சொன்னார். விழுங்குவது ஒரு நொடி வேலை. நாக்கு சும்மா கிடக்கிற இடம்தான் நாள் முழுக்கப் பல்லை மெல்ல மெல்ல அழுத்துகிறது, அதனால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். உதட்டை மூடும் பயிற்சியை மட்டும் அன்று தொடங்க மறுத்துவிட்டார். "மூக்கு அடைச்ச பிள்ளையை வாயை மூடுன்னு சொல்லக் கூடாதுக்கா." காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெரிதாக இல்லை, ஒவ்வாமைதான் என்று மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே கொடுத்தார். அம்மா வீட்டில் பூஞ்சை பிடித்த பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டோம்.

மூன்றாவது சனிக்கிழமைதான் பொத்தான். மார்க்கெட்டில் வாங்கிய பெரிய கோட்டுப் பொத்தானில் கெட்டி நூல் கட்டி, உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே வைத்து, நான் இழுக்க அவன் உதட்டால் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் பெரியவர் இல்லாமல் செய்யக் கூடாது.

அப்பாவையும் ஒருநாள் அழைத்துப்போனேன். குறட்டை சுவரைத் தாண்டும். பெரியவர்களுக்கும் இந்தப் பயிற்சி உதவும். தூக்கத்தில் மூச்சு தடைபடும் எண்ணிக்கை பெரியவர்களிடம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் பயிற்சியாளர் உடனே பயிற்சி தரவில்லை. "முதல்ல தூக்கப் பரிசோதனை எடுங்க ஐயா. தூங்கும்போது மூச்சுக்கு மிஷின் வைக்கச் சொன்னா வைங்க, அதுக்குப் பதிலா இதுன்னு நினைக்காதீங்க." அப்பா இன்னும் தேதி வாங்கவில்லை. வாரம் ஒருமுறை போனில் சண்டை போடுகிறேன்.

ஐந்து சனிக்கிழமைகள்தான் கிடைத்தன. பல் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. இதற்கு மாதக்கணக்கில் தினமும் செய்ய வேண்டும். முறைக்கு 400 ரூபாய் வாங்கினார். கடைசி நாள் அறிக்கை கேட்டேன், லெட்டர்பேடு தீர்ந்துவிட்டது என்று 40 பக்க நோட்டில் எழுதித் தந்தார்கள். அதை நேற்று லீட்ஸில் பல் மருத்துவரிடம் நீட்டினேன். முதல் பக்கத்தில் பெரிதாக 'பந்து' என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 'பன்' என்றிருந்தது. அது என்ன என்று அவர் கேட்டார். மகன் வாயைத் திறந்து நாக்கைக் காட்டினான்.