மாதிரி ஐ.நா.வா, தூதர் உரையா, கப்பல் ஒத்திகையா?

எங்கள் தமிழ் மாணவர் குழுவுக்கு இந்தப் பருவத்தில் கிடைத்திருப்பது ஒரே ஒரு புதன் பிற்பகல். உலக விவகாரம் பற்றி ஏதாவது நடத்துவது என்று முடிவாகிவிட்டது. எதை நடத்துவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. மொரிசியஸ் பல்கலைக்கழகத்தின் ரெடுயி வளாகத்தில் படித்த நாள் முதல் இப்படிப்பட்ட கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன், நாற்காலி தூக்கியும் இருக்கிறேன். அதனால் "அக்கா, நீங்களே சொல்லிடுங்க" என்று வந்து நின்றார்கள்.

பெரும்பாலோர் கேட்பது மாதிரி ஐ.நா. ஆளுக்கொரு நாடு, மேசையில் நாட்டின் பெயர் எழுதிய அட்டை, முன்கூட்டியே எழுதிக்கொண்டு வரும் நிலைப்பாட்டு அறிக்கை, கடைசியில் தீர்மானம், வாக்கெடுப்பு. இதன் பெரிய பலம், நமக்குப் பிடிக்காத நாட்டின் நாற்காலியிலும் உட்காரவேண்டி வரும். ஒருமுறை சாகோஸ் வாக்கெடுப்பை எடுத்துக்கொண்டோம். சாகோஸ் என்பது பிரிட்டன் நம்மிடமிருந்து பிரித்து வைத்துக்கொண்ட இந்தியப் பெருங்கடல் தீவுக்கூட்டம். 2019 மே 22 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரிசியசுக்கு ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை வெறும் 6. அந்த ஆறில் மாலத்தீவும் ஒன்று. அந்த அட்டை போன மாணவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நம்ம நாட்டுக்கு எதிரா நான் எப்படிப் பேசறது?" சரி, போய்ப் படித்துவிட்டு வா என்றோம். சாகோஸ் நமக்கு வந்தால் மாலத்தீவின் கடல் எல்லைக் கோரிக்கை என்ன ஆகும் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அனைத்துலக நீதிமன்றம் 13-க்கு 1 என்று நம் பக்கம் கருத்துச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஒரு பிற்பகலில் இது முடியாது. குறைந்தது ஒரு முழு நாள் வேண்டும், இரண்டு என்றால் நல்லது. அப்புறம், நடைமுறை விதி தெரிந்தவர்கள்தான் சபையை ஓட்டுவார்கள். பள்ளியிலேயே பழகி, கோட்டு மாட்டிக்கொண்டு வரும் நாலு பேர் பேசுவார்கள். முதலாண்டுப் பிள்ளைகள் அட்டையைத் தூக்கி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

தூதர் உரை மலிவு. ஒரு அரங்கு, ஒரு மைக், தேநீர், ஆளுக்கொரு ஜோடி தால் பூரி. நாற்பத்தைந்து நிமிடம் என்று போட்டிருப்போம், ஒன்றேகால் மணி நேரம் போகும். கேள்விக்கு மிஞ்சுவது பத்து நிமிடம், அதிலும் முதல் கேள்வி கேள்வியாகவே இருக்காது. ஆனாலும் இந்த வகையை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். ஒரு வருடம் தூதர் வரமுடியாமல் போக, அவருக்குப் பதிலாகச் சாகோஸிலிருந்து சின்ன வயதில் வெளியேற்றப்பட்ட ஒரு பாட்டி வந்தார். கையில் காகிதம் இல்லை, எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் இருபது நிமிடம். ஒப்பந்தம், குத்தகை எதையும் அவர் தொடவில்லை. கொப்பரை காயப்போட்ட முற்றத்தையும், கப்பலில் ஏறும்போது விட்டுவிட்டு வந்த சாமான்களையும் பற்றித்தான் பேசினார். அரங்கில் ஒருவரும் போனைத் தொடவில்லை.

பட்டிமன்றம் வைக்கலாம் என்றும் இருவர் சொன்னார்கள். சிரிப்பும் கைதட்டலும் நிச்சயம். நடுவர் கடைசியில் இரண்டு பக்கமும் சரிதான் என்பார். வேண்டாம்.

நான் சொன்னது நெருக்கடி ஒத்திகை: நடந்த ஒரு நெருக்கடியை எடுத்துக்கொண்டு, அதில் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு தரப்பாகவும் மேசை போட்டு உட்கார்ந்து முடிவெடுப்பது. அதற்கு நம் கரையிலேயே பொருள் இருக்கிறது. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் பாயிண்ட் தெஸ்னிக்கு அருகே பவளப்பாறையில் ஏறியது. ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல், பனாமா கொடி, இந்தியக் கேப்டன், பிரேசிலுக்குப் போகிற பாதை. எண்ணெய் கொட்டியது மட்டும் நம் கடலில், சுமார் 1,000 டன். ஐந்து மேசை போட்டால் போதும்: அரசு, கப்பல் உரிமையாளர், பனாமா, அந்தக் கரையோர ஊரான மாஎபூரின் மீனவர்கள், பக்கத்திலுள்ள தன் தீவான ரீயூனியனிலிருந்து உதவி அனுப்பிய பிரான்சு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்து என்ன நடந்தது என்று எழுதிய சீட்டு ஒன்று மேசைகளுக்குப் போகும். முதல் சீட்டில் கப்பல் தட்டி நிற்கிறது, எண்ணெய் இன்னும் உள்ளேதான். கசிவு ஆகஸ்ட் 6-ல்தான் வரும். இடையில் இருக்கும் பன்னிரண்டு நாளில் யார் யாருக்குப் போன் போடுவது, செலவு யார் தலையில் என்று மேசைகள் அடித்துக்கொள்ளட்டும். துணியில் கரும்புச் சோகையைத் திணித்து ஊர்க்காரர்களே மிதவை கட்டிய கட்டம் வரும்போது மீனவர் மேசைக்கு எந்த விதிப்புத்தகமும் தேவைப்படாது. முதலாண்டு மாணவனும் பேசுவான், கிரியோலிலேயே பேசலாம்.

குறையும் உண்டு. சீட்டு எழுத ஒருவர் இரண்டு வாரம் உட்காரவேண்டும். தேதி ஒன்று தப்பினாலும் ஆட்டம் கெட்டுவிடும். எல்லாரும் சேர்ந்து அரசு மேசையைத் திட்டித் தீர்க்கும் ஆபத்தும் இருக்கிறது. சபையில் எழுந்து முறையாகப் பேசும் பழக்கம் இதில் வராது, அதற்கு மாதிரி ஐ.நா.தான்.

ஆகவே இரண்டு நாளும் நாற்பது பேரும் இருந்தால் மாதிரி ஐ.நா. வையுங்கள். அந்தப் பாட்டியைப் போல ஒருவர் வர இசைந்தால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவரை அழையுங்கள். எங்களிடம் இருப்பது ஒரு புதன் பிற்பகல், எனவே வகாஷியோ. சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன். மீனவர் மேசைக்கு அடிதடி. பனாமாவுக்குத்தான் இன்னும் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.