வௌவால் வெறிநோய்: செத்ததைச் சோதிப்பதா, உயிரோடு பிடிப்பதா?

வௌவால்களுக்கு வெறிநோய் (ரேபிஸ்) இருக்கிறதா என்று பார்க்க, மலேசியாவின் பத்துமலை இருட்டுக் குகை போன்ற இடத்தில் எந்த முறை நல்லது என்று குழம்பும் மாணவர்களுக்கு:

செலவு: செத்துக் கிடப்பதைச் சேகரிப்பது மலிவு. உயிரோடு பிடிக்க வலை, தடுப்பூசி போட்ட ஆட்கள், ராத்திரி வேலை எல்லாம் வேண்டும்.

நம்பகம்: முடிவெடுக்க வேண்டியது இங்கேதான். செத்ததன் மூளைத் திசுவில் கிருமி இருந்தால், ஒளிர் எதிர்ப்பொருள் சோதனையில் (கிருமியோடு ஒட்டும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தில் ஒளிரும் சாயம் ஏற்றிப் பூசுவது) நுண்ணோக்கியின் கீழே பச்சையாக மின்னும். உயிருள்ளதன் ரத்தத்தில் அதன் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இருந்தால், எப்போதோ கிருமி பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எச்சிலிலும் கிருமி சில சமயம்தான் சிக்கும்.

அப்புறம், உயிரோடு பிடித்ததை மூளைச் சோதனைக்காகக் கொல்வது எனக்குச் சம்மதமே இல்லை. டுரியான் பூவுக்கு மகரந்தம் சுமப்பவை இந்தக் குகை வௌவால்களில் சில.

நோய் இருக்கிறதா என்றறிய முதலாவது. கூட்டத்தில் எவ்வளவு பரவியது என்று பார்க்க இரண்டாவது. கையில் காசு குறைவென்றால் முதலாவதிலேயே தொடங்குங்கள், கையுறையோடு.