கிளிநொச்சி ஸ்ரேசன்: கொழும்புக்குப் போக நல்லது, யாழ்ப்பாணத்துக்குப் பஸ்தான்

கொழும்புக்குப் போகிறவருக்குக் கிளிநொச்சி ஸ்ரேசன் கைகொடுக்கும். யாழ்ப்பாணத்துக்குத் தினம் வேலைக்குப் போய்வர அதை நம்பக்கூடாது. ஓடுவது சில ரயில்கள்தான், அவையும் கொழும்பில் புறப்படும், கொழும்பில் சேரும் நேரத்தை வைத்தே ஓடுகின்றன. போதாக்குறைக்கு மாகோ சந்திக்கு வடக்கே ஒற்றைப் பாதை. எதிரே வரும் ரயில் பிந்தினால் நாம் போகிற ரயிலும் ஏதோ ஒரு ஸ்ரேசனில் காத்துக்கிடக்க வேண்டும். ஏ9 வீதியில் நின்று கைகாட்டினால் பஸ் வந்துவிடும்.

இந்தத் தண்டவாளம் ஊரைவிட மூத்தது. கொழும்பு–யாழ்ப்பாணப் பாதை 1905இல் முழுமையானது. கிளிநொச்சிக் குடியேற்றம் 1936இல்தான் தொடங்கியது. 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் போரால் எல்லாம் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் (பதுங்குகுழி) கட்டப் போயின. அதனால் ஓமந்தைக்கு வடக்கே நடந்தது திருத்தவேலை இல்லை, முழுப்பாதையையும் புதிதாகப் போட்டார்கள். இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் செய்த வேலை. 2013 செப்டெம்பர் 14இல் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது, அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் போனது.

கொங்கிறீற் சிலிப்பர், இடைவெளி இல்லாமல் ஒட்டிய தண்டவாளம் என்பதால் பெட்டி குலுங்காது. இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பழைய 'தடக் தடக்' இல்லாததால், சைக்கிளில் கடவைக்கு வருகிறவருக்கு ரயில் கிட்ட வரும்வரை காதில் விழாது. மணியும் விளக்கும் மட்டும் உள்ள கடவைகளில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே கடக்கவேண்டும்.

ஆசனப்பதிவு 30 நாளுக்கு முன்னரே திறக்கும். தைப்பொங்கல், நல்லூர்த் திருவிழாக் காலங்களில் திறந்த கையோடு முடிந்துவிடும். இணையத்தில் பதிந்தால் அடையாள அட்டை இலக்கத்தைச் சரியாகப் போட்டு, அட்டையையும் கையில் கொண்டுபோங்கள். பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் முந்துகிறவருக்கே இருக்கை. காலையில் தெற்கே போவதென்றால் வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள். இடப்பக்கம் மதியம்வரை வெயில். இறங்கியதும் ரிக்கெற்றை எறிந்துவிடவேண்டாம், வாசலில் கேட்பார்கள்.

முல்லைத்தீவுக்குப் போகிறவர்கள் கிளிநொச்சிவரை வரத் தேவையில்லை. மாங்குளத்தில் இறங்கினால் ஏ34 நேரே போகும். அந்த ரயில் அங்கே நிற்குமா என்று ரிக்கெற் எடுக்கும்போதே கேளுங்கள். புதுக்குடியிருப்புக்கு என்றால் கிளிநொச்சியில் இறங்கி, பரந்தன் வழியாக ஏ35இல் போகும் பஸ். இரவு ரயிலில் வந்தால் அந்த நேரத்தில் பஸ்ஸை எதிர்பார்க்க வேண்டாம். ஓட்டோவுக்கு முதலே சொல்லி, கூலியையும் பேசிவையுங்கள்.