ஞானப்பல் எடுத்தபின் வாங்கும் பொருள்கள்: வளைமுனை சிரிஞ்சுக்கே முதல் மதிப்பெண்

ஞானப்பல் அறுவைக்குத் தேதி கிடைத்ததுமே பலர் மருந்துக்கடைக்குப் போய்க் கூடையை நிரப்பிவிடுகிறார்கள். தாடையில் கட்டும் ஜெல் பட்டை, கிருமிநாசினி மவுத்வாஷ், கூடுதலாகக் காஸ் துணி, வலி மாத்திரை என்று பட்டியல் நீளும். அறுவைக்குச் சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கைகொடுக்கும், இவற்றுக்கெல்லாம் கைக்காசுதான். இந்த வரிசையில் விலை குறைந்ததும் அதிகம் உழைப்பதும் ஒரே பொருள்: முனை வளைந்த பிளாஸ்டிக் சிரிஞ்சு. அதைத்தான் பலர் வாங்க மறக்கிறார்கள்.

ஊசி கிடையாது. 12 மில்லிலிட்டர் கொள்ளும் குழல், மெலிந்து வளைந்த மொட்டை முனை, ரப்பர் தலை வைத்த தள்ளுதண்டு, அவ்வளவே. சில பல் மருந்தகங்களில் கிளம்பும்போதே கையில் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஷாப்பி, லஸாடா இணையக் கடைகளிலும் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். ஒருவருக்கு இரண்டு போதும்.

இது ஏன் அவசியம்? கீழ்த்தாடையில் பல் இருந்த இடம் கிணறு மாதிரி மேல்நோக்கித் திறந்திருக்கும். சோற்றுப் பருக்கை உள்ளே இறங்கிவிட்டால் வாய் கொப்புளித்தாலும் வெளியே வராது. தங்கியது புளித்து நாறும், ஈறு வீங்கும், சில சமயம் சீழும் பிடிக்கும். மேல்தாடைக் குழியில் உணவு பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும், அங்கே சிரிஞ்சுக்கு வேலை குறைவு.

ஆனால் நாள் தப்பினால் இதே பொருள் கெடுதல் செய்யும். குழியில் உறைந்த இரத்தக்கட்டிதான் அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் மூடிக் காக்கிறது. இரண்டாம் நாளே தண்ணீரைப் பீய்ச்சினால் கட்டி பெயர்ந்துபோகும். பொதுவாக ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தொடங்கச் சொல்வார்கள். உங்கள் மருத்துவர் வேறு நாள் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

முதலில் பல் துலக்கி வாயைக் கொப்புளித்துவிடுங்கள். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீர் 250 மில்லிலிட்டரில் அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணாடி முன்னால் நின்று கைப்பேசி விளக்கை வாய்க்குள் காட்டுங்கள். கடைசிப் பல்லின் பின்பக்கமாக முனையைக் கொண்டுபோய்க் குழியின் வாயில் நிறுத்தினால் போதும், ஆழமாகக் குத்தக் கூடாது. தொட்டியின் மேல் தலையைக் குனிந்துகொண்டு மெல்லத் தள்ளுங்கள். முதல் குழல் நீரில் பருக்கையும் பருப்புத் தோலும் வரும். தெளிந்த நீர் வரும்வரை, பக்கத்துக்கு இரண்டு மூன்று குழல். சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொரு முறையும் நல்லது. முடியாவிட்டாலும் படுக்குமுன் கட்டாயம். நீர் இலேசாகச் சிவந்தால் பயமில்லை. இரத்தம் நிற்காமல் கசிந்தால் விட்டுவிட்டு மருந்தகத்தை அழையுங்கள். குழி ஆழம் குறைந்து உணவு தங்காமல் போகும்வரை தொடர வேண்டும். பலருக்கு மூன்று நான்கு வாரம் ஆகும்.

குழிக்குள் வெண்மஞ்சளாக ஒரு படலம் தெரியும். பலர் அதைச் சீழ் என்றோ சோறு என்றோ நினைத்துப் பல்குச்சியால் நோண்டுகிறார்கள். பெரும்பாலும் அது புண் ஆறும்போது படியும் திசு. மென்மையான நீரோட்டத்துக்கு அசையாதது அங்கேயே இருக்கட்டும்.

சிரிஞ்சிலும் ஒரு குறை உண்டு. உப்பு காய்ந்து ஒட்டினால் ரப்பர் தலை இறுகிவிடும். பிறகு தண்டு நகராமல் நின்று, திடீரென்று விடுபட்டு மொத்த நீரையும் ஒரே வேகத்தில் அடிக்கும். ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசி, தண்டைக் கழற்றி உலர விடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மூடிய டப்பாவில் போட்டால் பூஞ்சை வரும். தண்டு மக்கர் செய்தால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெல் பட்டைக்கு அரை மதிப்பெண். குளிர் ஒத்தடம் முதல் 24 முதல் 48 மணி நேரம்தான் பலன் தரும்: 20 நிமிடம் வைத்து 20 நிமிடம் எடுங்கள். வீவக அடுக்குமாடி வீட்டு மின்விசிறிக் காற்றில் ஜெல் சீக்கிரமே சூடாகிவிடும், மாற்றுவதற்கு இன்னொரு ஜோடி இல்லாத பட்டை வீண். தாடையை இறுக்கிக் கட்டவும் கூடாது. உறைந்த பட்டாணிப் பையைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தாலும் அதே வேலை நடக்கும். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பட்டை பழுது என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகு தாடை இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடமே இதம்.

0.2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் நல்ல சரக்குதான். முதல் 24 மணி நேரம் எந்தக் கொப்புளிப்பும் வேண்டாம். அதன்பின் 10 மில்லிலிட்டர், ஒரு நிமிடம், தினம் இரண்டு முறை. பற்பசையின் நுரைப்பொருள் இதன் வீரியத்தைக் கெடுக்கும் என்பதால் பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். கோப்பியும் தேயும் நிறையக் குடிப்பவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் சுவையும் மாறும். ஒரு வாரத்துக்குமேல் மருத்துவர் சொன்னால் மட்டுமே. ஆல்கஹால் கலந்த சாதாரண மவுத்வாஷ் புண்ணில் எரியும், அதை வாங்காதீர்கள்.

தனியாகப் பெனடோல் (பாராசிட்டமால் மாத்திரை) வாங்குமுன், கொடுத்த மாத்திரை உறையில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறதா என்று படியுங்கள். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதுவே எல்லை.

சாப்பாட்டில் உணவங்காடியில் விற்கும் தாவ் ஹுவே என்ற மென்மையான சோயாக் கட்டிக்கு முழு மதிப்பெண். மெல்ல வேண்டாம், புரதமும் உண்டு. சூடில்லாமல் வாங்கிக் கரண்டியால் சாப்பிடுங்கள். மீன் கஞ்சி வாங்கினால் பொரித்த வெங்காயம், மிளகு, இஞ்சித் துருவல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் குழைந்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, வடிகட்டிய ரசம். தாளிப்பை மட்டும் விட்டுவிடுங்கள். கடுகு குழிக்குள் உருண்டுபோய் உட்கார்ந்துகொள்ளும். கடையில் தே பெங் (ஐஸ் தேநீர்) தாப்பாவ், அதாவது பொட்டலம் கட்டி வாங்கினால் ஸ்ட்ராவோடுதான் தருவார்கள். உறிஞ்சும் இழுப்பில் இரத்தக்கட்டி பெயரலாம், அதனால் குவளையில் ஊற்றிக் குடியுங்கள். சிகரெட்டும் அதே ஆபத்து, கூடவே புகை புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

எந்தப் பொருளும் உதவாத நிலை ஒன்று உண்டு. குறைந்துவந்த வலி மூன்றாம் நான்காம் நாளில் திரும்பக் கூடி, காதுவரை தெறித்து, வாயில் துர்நாற்றமும் வந்தால் இரத்தக்கட்டி போய் எலும்பு வெளியே தெரிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சிரிஞ்சால் அது தீராது. மருந்தகத்தில் குழியைக் கழுவி மருந்துத் திரி வைத்தால் பெரும்பாலும் சீக்கிரமே வலி தணியும். காய்ச்சல், நான்கு நாளுக்குப் பின்னும் கூடும் வீக்கம், மறுநாளும் மாறாத உதட்டு மரப்பு ஆகியவற்றுக்கும் அன்றைக்கே அழையுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போய்விடுங்கள்.