வியர்க்கும் குழாய்: என் கிளைக்கால் பெட்டியோடு மூன்று கோடை

பீனிக்ஸில் இருக்கும் நண்பன் போன வாரம் கூப்பிட்டான். "அண்ணா, ரெடிமேட் கிளைக்கால் சில்லர் விலை இறங்கியிருக்கு. வாங்கிடவா, இல்ல உங்களை மாதிரி நானே கட்டிக்கவா?" வீட்டில் காய்ச்சும் பீர் நொதிக்கும்போது சூடேறாமல் பார்த்துக்கொள்ளும் பெட்டி அது. உள்ளே கிளைக்கால் என்ற உறையா திரவத்தைத் தண்ணீரில் கலந்து குளிரவைத்து, பீர் தொட்டிக்குள் இருக்கும் காயில், அதாவது குழாய்ச் சுருள், வழியே பம்பால் ஓட்டும். அவன் கேட்ட நேரம் சரியில்லை. பெட்டிக்குள் இருந்த பம்ப் எரிந்துபோய், கேரேஜ் தரையில் உட்கார்ந்து புதுப் பம்பை மாட்டிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை கிளைக்கால் பிசுபிசுத்தது. "வாங்கிடு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். பாவம், அவனுக்கு இன்னும் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

எப்படிக் கட்டுவது என்பது வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 5000 பிடியு அளவுள்ள சின்ன ஜன்னல் ஏசியைப் பிரித்து, அதன் குளிர் காயிலை மெதுவாக வளைத்து ஒரு ஐஸ் பெட்டிக்குள் இறக்க வேண்டும். செம்புக் குழாய் எங்காவது மடங்கி விரிசல் விட்டால் கேஸ் போய்விடும், ஏசி அதோடு முடிந்தது. பெட்டிக்குள் ஒரு பங்கு கிளைக்கால், இரண்டு பங்கு தண்ணீர். உணவுத் தர புரொப்பிலீன் கிளைக்கால்தான் ஊற்ற வேண்டும். கார் ரேடியேட்டருக்கு வழக்கமாக ஊற்றுகிற எத்திலீன் கிளைக்கால் விஷம், அதைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. எனக்கு எல்லாம் சேர்த்து 350 டாலருக்குள் முடிந்தது.

நான் இருப்பது ஹூஸ்டன். ஆகஸ்டில் என் கேரேஜ் மதியம் 40 டிகிரியைத் தொடும். ஈஸ்ட் வேலை செய்யும்போது அதுவே சூட்டைக் கிளப்பும், வோர்ட்டின், அதாவது பீராகப்போகும் மால்ட் சாற்றின், வெப்பம் இன்னும் சில டிகிரி ஏறும். முன்பெல்லாம் ஃபெர்மென்டரை, அதாவது பீர் நொதிக்கும் பாத்திரத்தை, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, காலையும் மாலையும் உறைய வைத்த பாட்டில்களை மாற்றிப் போடுவேன். ஒரு நாள் அலுவலகத்தில் நேரமாகிவிட்டால் அந்தத் தடவை பீரில் பெயின்ட் தின்னர் மாதிரி ஒரு வாடை வந்து நிற்கும். குளிரிலேயே நொதிக்க வேண்டிய லாகர் பீர் என்ற பேச்சையே நான் எடுத்ததில்லை.

இப்போது அதே கேரேஜில், அதே ஆகஸ்டில், 11 டிகிரியில் லாகர் வகையான பில்ஸ்னர் நொதிக்கிறது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரில் 11.2 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறேன். ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டெ 1870களில் குளிர்பதன எந்திரத்தை உருவாக்கியபோது அதை முதலில் சோதித்துப் பார்த்ததே ம்யூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலையில்தான். அதுவரை ஆற்றிலும் ஏரியிலும் வெட்டிய ஐஸை நிலவறையில் அடுக்கிவைத்துத்தான் கோடையைக் கடத்தினார்கள். அவர்கள் பட்ட பாடு, ஐஸ் பாட்டில்களை மாற்றிக்கொண்டிருந்த எனக்கு நன்றாகவே புரிகிறது.

சரி, தொல்லைக்கு வருகிறேன். பெட்டிக்கும் ஃபெர்மென்டருக்கும் இடையே ஓடும் குழாய் வியர்ப்பது.

இந்த ஊரில் கோடையில் பனிப்புள்ளி 24 டிகிரி வரை போகும். அதைவிடக் குளிர்ந்த எதன் மேலும் தண்ணீர் கோத்துக்கொள்ளும். என் பெட்டியில் இருப்பதோ மைனஸ் 2. முதல் வருடம், கடையில் கிடைக்கிற சாம்பல் நிற ஃபோம் உறையை வாங்கிக் குழாயின் மேல் மாட்டினேன். அதில் நீளவாக்கில் ஏற்கெனவே ஒரு பிளவு வெட்டியிருக்கும். பம்ப் ஓடத் தொடங்கிய அரை மணி நேரத்தில் அந்தப் பிளவு நெடுக ஊசிமுனை அளவுக்கு முத்துமுத்தாகத் தண்ணீர் அரும்பும். ஒன்றோடொன்று சேர்ந்து, குழாய் எங்கே தாழ்கிறதோ அங்கே போய்ச் சொட்டும். அதற்கு நேர் கீழேதான் பீருக்கான மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) மூட்டையை வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து மூட்டையைத் தூக்கினால் அடிப்பக்கம் பச்சையாகப் பூஞ்சை. 25 கிலோ மால்ட்டையும் குப்பையில் கொட்டினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்புறம் கறுப்பு ரப்பர் ஃபோம் வாங்கினேன். பிளவு முழுக்கப் பசை தடவி ஒட்டி, இணைப்புகளில் டேப் சுற்றியதும் பெரும்பகுதி அடங்கியது. காற்று உள்ளே புகாமல் இருந்தால்தான் ஃபோமுக்கு வேலை. ஒரு இடத்தில் இடைவெளி விட்டாலும் ஈரக்காற்று உள்ளே போய்க் குழாயில் படிந்துவிடும். ஆனால் குழாயும் ஃபெர்மென்டரும் சேரும் நட்டு கட்டைவிரல் அகலத்துக்கு வெறுமையாகவே நிற்கிறது. ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டிய இடம் என்பதால் அதை ஒட்டி மூட முடியாது. அதன் கீழ் ஒரு துண்டு விரித்திருக்கிறேன், மூன்று நாளைக்கு ஒருமுறை பிழிகிறேன். கண்ட்ரோலர் வயரை ஓர் இடத்தில் தாழ்வாகத் தொங்கவிடுங்கள், அதன் வழியே ஓடிவரும் துளி பிளக் வரை போகாமல் அங்கேயே கீழே விழட்டும். பிளக்கும், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் ஜிஎஃப்சிஐ பிளக்காகவே இருக்கட்டும். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

இரண்டாம் கோடையில் வந்ததுதான் உண்மையில் பயமுறுத்தியது. பெட்டிக்குள் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் கிளைக்கால் அந்தக் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறி நின்றது. நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. ஃபெர்மென்டருக்குள் இருக்கும் காயில் ஓட்டையாகி, பீர் இந்தப் பக்கமும் கிளைக்கால் அந்தப் பக்கமும் போகிறதோ என்று வயிற்றைக் கலக்கியது. காயிலைக் கழற்றி, அழுத்தம் ஏற்றித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. கடைசியில் மூடியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர்த் துளி. ஏசியின் செம்புக் குழாய்க்காக மூடியில் நான் வெட்டிய ஓட்டை சற்றுப் பெரிது. அந்த இடுக்கு வழியே உள்ளே போன காற்றின் ஈரமெல்லாம் பெட்டிக்குள் தண்ணீராகிச் சேர்ந்திருக்கிறது. போதாததற்குக் கிளைக்காலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வோர்ட்டின் சர்க்கரையை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். முதல் நாள் குறித்து வைத்ததைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. கலவை நீர்த்ததால்தான் அந்த மாதம் முழுக்க ஏசி காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது. கம்ப்ரெசர் ஏன் நிற்காமல் ஓடுகிறது என்று தெரியாமல் கண்ட்ரோலரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது செய்த தப்பு எதுவும் இல்லை. ஸ்ப்ரே ஃபோம் அடித்து இடுக்கை மூடினேன், கிளைக்கால் சேர்த்தேன். அதற்குப் பிறகு மட்டம் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது.

நியாயமாகப் பேசினால், ரெடிமேட் பெட்டி வாங்கினாலும் வெளிக்குழாய் இதே மாதிரிதான் வியர்க்கும். அதிலும் ஃபோம் ஒட்டத்தான் வேண்டும். தொட்டியின் மூடி மட்டும் ஒழுங்காகப் பொருந்தியிருக்கும். பம்ப் போனால் நான் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடுகிறேன், அங்கே பெட்டியைத் திறந்தாலே வாரண்டி போய்விடுமோ என்று யோசிக்க வேண்டும். விலையும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நண்பனின் ஊரிலோ வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் காற்று வறண்டே கிடக்கும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தைத் தவிர என் தொல்லையில் கால்வாசிகூட அவனுக்கு வராது.

இத்தனையும் தெரிந்தும் ராத்திரி அவனைத் திரும்பக் கூப்பிட்டு அதையேதான் சொன்னேன். "வாங்கிடுடா." அந்த மூட்டையைக் கொட்டியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதை இன்னொருத்தன் படவேண்டாம்.

"அப்ப உங்க பெட்டியை எனக்குக் கொடுத்துடுங்க, நீங்க புதுசு வாங்கிக்குங்க" என்றான்.

தரமாட்டேன் என்றேன். சனிக்கிழமை பில்ஸ்னர் போட வேண்டும், இன்று காலையிலேயே பெட்டியை மைனஸ் 2-க்கு இறக்கிவிட்டேன்.