கோயில் குழாயின் ஒன்றுவிட்ட அண்ணன்: லா ஸ்காலாவோடு எட்டு மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஸ்பீக்கர் ஜோடியை நான் தேடிப்போய் வாங்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற மாமா வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குக் குடிபோகிற நேரம், நிலக்கீழ் அறையில் இருபது வருடமாகக் கிடந்த இரண்டு ஸ்பீக்கரையும் எறிய மனமில்லாமல், "உனக்கு வேணுமெண்டால் சொல்லு, கார்கோவில போட்டுவிடுறன்" என்றார். ஓம் என்றேன். எவ்வளவு பெரிசு என்று கேட்கவில்லை. லொறி ஒழுங்கைக்குள் திரும்ப முடியாமல் சந்தியிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொன்றும் 56 கிலோ, 89 சென்ரிமீற்றர் உயரம், அகலமும் ஆழமும் அறுபது அறுபது, நாலு பேர் மாறி மாறித் தூக்கி வந்தோம். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அலுமாரியே தம்பி?" என்றார்.

அலுமாரி இல்லை, கிளிப்ஷ் லா ஸ்காலா. எழுபதுகளின் கடைசியில் செய்த ஜோடி, கறுப்புப் பெயின்ற் அடித்தது, மூலைகள் அடிபட்டுப் பலகை தெரிகிறது. இதன் கதை எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அமெரிக்காவில் ஆர்கன்சோ மாநிலத்து ஹோப் என்ற சின்ன ஊரில் போல் கிளிப்ஷ் என்பவர் 1946 இலிருந்து ஹோர்ன் ஸ்பீக்கர், அதாவது வாய் விரிந்த குழாயால் சத்தத்தைப் பெருக்குகிற ஸ்பீக்கர், செய்து விற்றுவந்தார். 1963 இல் அந்த மாநில ஆளுநர் தேர்தலுக்கு இறங்கிய வின்த்றொப் றொக்பெல்லரின் கூட்டங்களுக்காகச் செய்ததுதான் லா ஸ்காலா. அதாவது தேர்தல் மேடை ஸ்பீக்கர். றொக்பெல்லர் 1964 இல் தோற்று 1966 இல் வென்றார், ஸ்பீக்கர் மெல்ல மெல்ல வீடுகளுக்குள் வந்துவிட்டது. நம் ஊரில் வான் வண்டிக்கு மேல் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு வாக்குக் கேட்டு வருகிறவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் இந்தச் சங்கதியை மனதில் வைத்திருங்கள், கடைசிவரை தேவைப்படும்.

உள்ளே மூன்று பகுதி. கீழே பேஸுக்கு, அதாவது அடிச்சத்தத்துக்கு, 15 அங்குல வூபர், அது நேரே நம்மைப் பார்த்து அடிக்காது, பெட்டிக்குள்ளேயே மடிந்து வருகிற ஒரு பலகைக் குழாய்க்குள்ளால் சத்தம் வெளியே வரும். மேல்தட்டில் நீட்டு அலுமினிய ஹோர்ன் ஒன்று, அதற்கும் மேலே மேல்சத்தத்துக்குச் சின்ன ருவீட்டர். 400 ஹேர்ட்ஸிலிருந்து 6000 ஹேர்ட்ஸ் வரை அந்த அலுமினிய ஹோர்ன் ஒன்றே பார்த்துக்கொள்கிறது. மனிதர் பேசுகிற பேச்சில் சொல் பிரிந்து விளங்குவதற்கு வேண்டியதெல்லாம் கிட்டத்தட்ட அந்த எல்லைக்குள் அடங்கிவிடும்.

வந்த அன்றைக்கே சாதாரண ஏழு சனல் ரிசீவரில் (படத்தின் சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கிற அம்ப்) இரண்டையும் மாட்டிப் படம் ஒன்று போட்டேன். ஏமாற்றம் என்றால் அப்படி ஒரு ஏமாற்றம். குத்துகிற சத்தம், காது கூசுகிறது, வலது பக்கம் மேல்சத்தமே இல்லை, பேஸ் எங்கே போனதென்று தெரியவில்லை. "இதுக்கோ இவ்வளவு கூலி குடுத்தனான்" என்று ஒரு கிழமை பாயைப் போட்டு மூடிவைத்தேன். இப்போது எழுதுவது அதற்குப் பிறகு நடந்தது, ஏனென்றால் பழைய ஹோர்ன் ஸ்பீக்கரை மாட்டிய அன்றே மதிப்புரை எழுதுகிறவனை நம்பக் கூடாது.

வலது ருவீட்டர் செத்திருந்தது. வயசா, கப்பல் பயணமா, யாருக்குத் தெரியும். திருவிழாக்களுக்குக் குழாய் கட்டிக் கட்டியே தலை நரைத்த சவுண்ட்ஸ்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் இருக்கிறார், அவரைக் கூட்டிவந்தேன். மேல் மூடியைக் கழற்றி, அலுமினிய ஹோர்னின் பின்னால் மரை போட்டுத் திருகியிருந்த, சத்தத்தை உண்டாக்குகிற யுனிற்றைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு.

"தம்பி, இது எங்கட கோயில் குழாயின்ர யுனிற்றெல்லே!"

நான் நம்பவில்லை. பிறகு தேடிப் பார்த்தால் மனுசன் சொன்னது சரி. கே 55 வி என்று கிளிப்ஷ் பெயர் போட்டிருக்கிற அந்த யுனிற்றைச் செய்து கொடுத்தது அற்லஸ், அமெரிக்காவில் பொதுக்கூட்ட ஒலிபெருக்கி செய்கிற கொம்பனி. உள்ளே அதிர்ந்து சத்தம் தருகிற அதே பினோலிக் (பிசினில் செய்த) டயபிரம். மார்கழி விடியப்புறம் தென்னை மரத்தில் கட்டிய குழாயில் திருவெம்பாவை கேட்டு எழும்பிய எங்களுக்கு இது அந்நியச் சாமானே இல்லை. ஒன்றுவிட்ட அண்ணன், நல்ல ஹோர்னும் நல்ல பெட்டியும் கிடைத்து வெளிநாட்டில் வளர்ந்தவன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ருவீட்டருக்கு மாற்று டயபிரம் வெளியிலிருந்து எடுத்தோம், ஆறு கிழமை காத்திருந்தோம். அதற்கிடையில், சத்தத்தை மூன்று பகுதிக்கும் பிரித்துக் கொடுக்கிற குறொஸ்ஓவரைத் திறந்தோம். தகரப் பேணி மாதிரி எண்ணெய்க் கண்டென்சர்கள், பக்கத்துக்கு மூன்று: 13 மைக்ரோபரட் ஒன்று, 2 மைக்ரோபரட் இரண்டு. மீற்றர் வைத்துப் பார்த்தால் ஆறும் கூடக் குறைய, இடதும் வலதும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. கொழும்பில் ஒடியோவுக்கென்று விற்கிற கண்டென்சரின் விலையைக் கேட்டுவிட்டு நான் முழி பிதுங்க, அவர் அலட்டிக்கொள்ளாமல், "தண்ணி மோட்டருக்குப் போடுற 10, ஃபானுக்குப் போடுற 3 சொச்சம், ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில கட்டினால் 13 தானே" என்றார். பகிடி இல்லை. மோட்டருக்கும் ஃபானுக்கும் இப்போது வருகிறது பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் கண்டென்சர், ஒடியோ வேலைக்கு அது ஏற்ற சாதிதான். ஹாட்வெயாரில் ஒரு பெட்டி நிறையக் கிடந்ததை மீற்றரால் அளந்து அளந்து பொறுக்கி எடுத்தோம், கடைக்காரப் பொடியன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தான். ஒன்று மட்டும் கவனம்: 1979 இற்கு முந்திய அமெரிக்க எண்ணெய்க் கண்டென்சருக்குள் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். உடைத்துப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம், அப்படியே கழற்றிப் பையில் சுற்றிக் கட்டி வையுங்கள்.

அடுத்தது ஹோர்ன். நகத்தால் தட்டினால் கைமணி மாதிரி "ணங்" என்று ஒரு இழுப்பு. வார்ப்பு அலுமினியம் அப்படித்தான் பாடும். பெண் குரல் உச்சத்துக்குப் போகும்போது கூசியதில் பாதி அதுதான். வெளிநாட்டுக்காரர் இதற்குக் கார் அடித்தட்டுக்குப் பூசுகிற கறுப்புப் பூச்சு, பிசின் ரேப் எல்லாம் போடுவார்கள். எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? பழைய சைக்கிள் ரியூப். இரண்டு ரியூப்பை நீளத்துக்கு வெட்டி, இழுத்து இழுத்து ஹோர்னின் வெளிப்புறம் முழுக்க இறுக்கிச் சுற்றி, நுனியைச் சொலூஷனால் ஒட்டினேன். திருப்பித் தட்டினால் "டொக்". பணச் செலவு இல்லை, கை மட்டும் ஒரு நாள் முழுக்க ரப்பர் நாறியது.

சரி, சாமான் திருந்திவிட்டது. ஹோல் திருந்தவில்லை. எங்களுடையது பழைய ஓட்டு வீடு, பதினெட்டடிக்குப் பதினாலு, சீமெந்து நிலம், சீமெந்துச் சுவர், நடுவில் நின்று கை தட்டினால் "டிர்ர்ர்" என்று சுவருக்குச் சுவர் ஓடித் திரியும். ஓட்டுக் கூரையால் ஒரு நன்மை உண்டு, பேஸ் உள்ளே தேங்கி நின்று முழங்காமல் ஓட்டு இடுக்காலும் ஜன்னலாலும் வெளியே போய்விடுகிறது (பக்கத்து வீட்டு அண்ணை இதை நன்மை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்). ஆனால் நடுச்சத்தமும் மேல்சத்தமும் சீமெந்தில் பட்டுத் தெறிக்கும். இதற்கு நான் செய்தது: ஓடாவியிடம் நாலுக்கு இரண்டடிச் சட்டம் ஆறு அடிப்பித்து, நாலு அங்குலத் தடிப்புக்கு இலவம்பஞ்சு அடைத்து, சாக்குத் துணியால் மூடித் தைத்தோம். எங்கே மாட்டுவதென்பதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. நீங்கள் கதிரையில் இருங்கள், இன்னொருவர் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து நகர்த்திக்கொண்டு போகட்டும், கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் இடம். நிலத்தில் இரண்டு பனையோலைப் பாய், அதற்கு மேல் ஒரு தடித்த கம்பளம். எல்லாமாக 18,000 ரூபா முடிந்தது. நான் இந்த ஸ்பீக்கருக்குச் செய்ததிலேயே ஆகப் பெரிய மாற்றம் இந்தப் பஞ்சுச் சட்டம்தான், கண்டென்சரும் இல்லை, ரியூப்பும் இல்லை. ஹோர்ன் வாங்கப் போகிறவர்கள் முதலில் பஞ்சு வாங்குங்கள்.

வைக்கிற விதமும் முக்கியம். நீட்டு ஹோர்ன் மேலும் கீழும் அதிகம் பரப்பாது, அதனால்தான் கூரைக்குப் போகிற சத்தம் குறைவு, பேச்சு தெளிவு. ஆனால் அதே காரணத்தால் உயரம் பிசகினால் எல்லாம் மங்கிவிடும். தரையில் வைத்தால் ஹோர்ன் நம் நெஞ்சைப் பார்க்கிறது, காதை இல்லை. முன்பக்கம் இரண்டு பனங்கட்டை கொடுத்துச் சற்றே மல்லாத்தி, இரண்டையும் உட்பக்கம் திருப்பி, இரண்டும் பார்க்கிற கோடு அம்மாவின் கதிரைக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிச் சந்திக்கிற மாதிரி வைத்தேன். ஒவ்வொரு முறையும் 56 கிலோவை நகர்த்திப் பார்த்த முதுகு நோவைத் தனியே ஒரு பதிவாக எழுதலாம்.

ரிசீவரோடு ஒரு சில்லறைப் போராட்டம். லா ஸ்காலாவுக்கு ஒரு வாற்று கொடுத்தால் ஒரு மீற்றரில் 104 டெசிபெல் தரும். இது எவ்வளவு என்று விளங்க ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்றரை மீற்றர் தள்ளி இருக்கிறோம், அங்கே வரும்போது 11 டெசிபெல் குறைந்து 93. தியேட்டர் அளவில் ஒரு சனலின் உச்சச் சத்தம் 105 என்று வைத்தால், இன்னும் 12 வேண்டும், அதற்கு 16 வாற்று போதும். சாதாரண 88 டெசிபெல் ஸ்பீக்கரில் அதே சத்தத்துக்கு 630 வாற்று வேண்டும். கேட்க இனிப்பாக இருக்கிறது, ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. மைக் வைத்துத் தானாக அளக்கும் வசதி, முன் சனல் இரண்டையும் குறைத்துக் குறைத்து கழித்தல் 12 இல் முட்டி நின்றுவிட்டது, அதற்குக் கீழே என்னுடைய ரிசீவரில் இடம் இல்லை. படம் ஓடாத நேரம் ரிசீவரின் "ஸ்ஸ்ஸ்" இரைச்சலும் ஸ்பீக்கருக்குக் கிட்டப் போனால் கேட்கும். கேபிள் ரீவி வயரைக் குத்தினால் "ம்ம்ம்" என்று உறுமலும் சேர்ந்தது, அந்த வயரைக் கழற்றி எறிந்ததும் உறுமல் போனது. கடைசியில் சத்தம் குறைக்கும் குமிழ் உள்ள பழைய ஸ்ரீரியோ பவர் அம்ப் ஒன்றை இடையில் போட்டு முன் சனல் இரண்டையும் அதற்குக் கொடுத்தேன், அளவும் சரிவந்தது, இரைச்சலும் ஃபான் சத்தத்துக்குள் அமுங்கிவிட்டது. வெயில் காலத்தில் ஃபான் போடாமல் யார் படம் பார்க்கிறார்கள்?

பேஸ் விசயத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். பெட்டி அலுமாரி அளவு என்றாலும் அடிப்பேஸ் இல்லை, 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே வேகமாக இறங்கிவிடுகிறது. தவில் அருமை, கையின் அடியும் தடியின் அடியும் தனித்தனியாக வந்து விழும். ஆனால் படத்தில் கட்டடம் இடிந்தால் அது வேறு எங்கோ இடிகிற மாதிரி இருக்கும். ஆகவே ரிசீவரில் ஸ்பீக்கர் அளவை "ஸ்மோல்" என்று போட்டு 80 ஹேர்ட்ஸில் வெட்டி, கீழ்ப்பகுதியை அடிப்பேஸுக்கென்றே இருக்கிற சப்வூபருக்குக் கொடுங்கள். இவ்வளவு பெரிய பெட்டியை ஸ்மோல் என்று பதிவது ஒரு மாதிரித்தான் இருக்கும், வெட்கப்பட வேண்டாம். என்னிடம் இருக்கிற பத்து அங்குல சப் இந்த வேகத்தோடு ஓடி வர முடியாமல் மூச்சு வாங்குகிறது.

நடு சனல், அதாவது படத்தின் பேச்சுக்கென்று திரைக்கு நடுவில் வைக்கிற ஸ்பீக்கர், நான் வைக்கவில்லை. இருந்த சின்ன நடு ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்தேன், வேட்டி சால்வையோடு நிற்கிற இருவருக்கு நடுவில் அரைக் காற்சட்டைப் பொடியன் நிற்கிற மாதிரி இருந்தது. கிளிப்ஷ் 1957 இல் ஹெரெசி என்ற சின்னப் பெட்டியைச் செய்ததே இரண்டு பெரிய ஹோர்னுக்கு நடுவில் வைப்பதற்காகத்தான், அது ஒன்று கிடைத்தால் பார்க்கலாம். அதுவரை ரிசீவரில் நடு சனல் இல்லை என்று போட்டுவிட்டேன், பேச்சு இரண்டு பக்கத்தாலும் வந்து திரை நடுவில் நிற்கிறது. ஆனால் நடுக் கதிரையில் இருப்பவருக்கு மட்டும், ஓரத்தில் இருப்பவர் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரைத்தான் கேட்பார்.

நடுக் கதிரை அம்மாவுடையது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். முந்தி படம் பார்த்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "என்னவாம்? என்ன சொன்னவன்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார், நான் சத்தத்தைக் கூட்ட, சண்டைக் காட்சி வந்ததும் ஓடிப்போய்க் குறைக்க, படம் பார்த்த மாதிரியே இருக்காது. இப்போது சத்தம் முந்தியதைவிடக் குறைவு, ஆனால் ஒவ்வொரு சொல்லும் உடையாமல் வருகிறது. கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் பேச்சு விளங்க வேண்டும் என்று செய்த சாமான் அல்லவா. போன கிழமை பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, நீள வசனக்காரப் படம், ராஜா தியேட்டரிலோ மனோகரா தியேட்டரிலோ கலியாணத்துக்கு முந்திப் பார்த்ததாம், முடியும்வரை ஒரு கேள்வி இல்லை. இடையில் கரண்ட் போனபோதுதான் வாய் திறந்தார், அதுவும் மின்சாரக்காரரைத் திட்ட.

இசைக்கென்று வாங்குகிறவர்கள் நல்ல பதிவு எது, மோசமான பதிவு எது என்று இது ஈவிரக்கமில்லாமல் காட்டிக்கொடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இணையத்தில் இறக்கிய பழைய பாட்டுகளில் பாதியை நான் அழித்துவிட்டேன். சின்ன அறை, மாடி வீடு, தூக்க ஆளில்லாதவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். கிடைத்தால், பெரிய ஹோலும் பொறுமையும் இருந்தால், குழாய் கட்டுகிற ஒருவரைத் தெரிந்திருந்தால் எடுங்கள்.

சப்வூபருக்கு இப்போது 15 அங்குலம் ஒன்று எடுத்தாகிவிட்டது. பெட்டி ஓடாவியின் கையில். தைப்பொங்கல் கழியத் தருவதாகச் சொன்னார், எந்தத் தைப்பொங்கல் என்று நான் கேட்கவில்லை.