கன்னி ஆட்டுக்கு எந்தக் கிடா: சொந்த இனமா, தலைச்சேரியா, போயரா?

திருநெல்வேலி மாவட்டம் மானூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தில் 22 கன்னி இனப் பெட்டைகள் வைத்திருக்கிறேன். கறிக்காக ஆடு வளர்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கிடாவைச் சேர்க்கலாம் என்றுதான். மூன்றையும் சேர்த்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

கன்னி நம் மண்ணின் ஆடு. கறுத்த உடம்பு, முகத்தின் இருபுறமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால் கன்னி, சிவந்திருந்தால் செங்கன்னி. வளர்ந்த கிடா 35 கிலோவை ஒட்டி நிற்கும். குறை என்றால் அந்த எடைதான். மற்றபடி உச்சி வெயிலில் உடைமுள் காட்டில் நடந்து, நெற்றைப் பொறுக்கித் தின்று, பெரும்பாலும் இரட்டைக் குட்டி போட்டு, இரண்டுக்கும் பால் கொடுத்துவிடும். ஆளைக் கூப்பிடாமல் தானாகக் குட்டி போடும் ஆடு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது நள்ளிரவில் விளக்கோடு கொட்டிலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்குக் கறுப்புக் கிடா தேடி வருகிறவர்கள் எடையைப் பார்த்து விலை பேசுவதில்லை. கலப்பில் நிறம் கலைந்துவிட்டால் அந்த வியாபாரம் போய்விடும்.

தலைச்சேரி மலபார்க் கரையின் ஆடு. கன்னியோடு சேர்த்தால் குட்டி ஓரளவு பெருக்கும், பாலும் கூடும். மேய்ச்சலுக்கும் வரும், ஆனால் கன்னியைப் போலக் காய்ந்த காட்டில் நாள் முழுக்கச் சுற்றாது. மாலையில் அகத்தியோ வேலிமசாலோ வெட்டிப் போட்டாக வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறவர்களுக்கு நல்ல தேர்வு. இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

போயரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கறிக்காகவே உருவாக்கிய இனம். நன்கு வளர்ந்த கிடா 100 கிலோவைத் தாண்டும். முதல் கலப்புக் குட்டியின் தொடையையும் முதுகையும் பார்த்தாலே ஆசை வரும். மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குக் கொண்டு போனால் வியாபாரிகள் தாமாக வந்து முதுகைப் பிடித்துப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த உடம்புக்குத் தீனி வேண்டும். தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனம் குறைந்தால் அதன் வளர்ச்சி கன்னிக் குட்டியின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஐப்பசி மழையில் தரை ஈரமாகிவிட்டால் சளியும் கழிச்சலும் முதலில் இந்தக் குட்டிகளைத்தான் பிடிக்கின்றன; ஒரே மழைக்காலத்தில் நான்கை இழந்தேன். அதன் பிறகுதான் பரண் அடித்தேன்.

இன்னொரு பாடம் இதைவிட வலித்தது. தலைச்சன் ஈற்றுப் பெட்டைக்குப் போயர் கிடாவை விட்டேன். ஐந்து மாதம் கழித்து, குட்டியின் தலை பெரிதாகி வெளியே வர முடியாமல், தாயும் போய்விட்டது. அது என் அவசரத்தின் பிழை. முதல் ஈற்றுக்குக் கன்னிக் கிடாதான். போயர் இரண்டாம் ஈற்றுக்குப் பிறகு.

தூய போயர் என்று ஒருவர் விற்ற கிடாவும் எனக்கு வந்து சேர்ந்தது. அதன் குட்டிகள் ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. பிறகுதான் தெரிந்தது, அதுவே கலப்புக் கிடா. இரண்டு தூய இனங்கள் சேரும் முதல் தலைமுறையில்தான் கலப்பின வீரியம், அதாவது கலப்பால் வரும் கூடுதல் வளர்ச்சியும் தெம்பும், முழுதாகக் கிடைக்கும். கலப்போடு கலப்பைச் சேர்த்தால் அதில் பாதி போய்விடும்; குட்டிகளும் சீராக வராது. நம் ஊரில் பலர் ஏமாறும் இடம் இதுதான்: கலப்புக் கிடாவையே மந்தையில் விட்டுவிட்டு, மூன்று வருடத்தில் கன்னியும் இல்லாமல் போயரும் இல்லாமல் நிற்கிறார்கள்.

ஆகவே என் முடிவு, தாய் எப்போதும் கன்னி. மந்தையின் நல்ல பாதிக்குக் கன்னிக் கிடா. அதில் பிறக்கும் பெட்டைகளே அடுத்த தாய்கள். மீதிப் பாதிக்கு, தீனி கையில் இருக்கும் வருடம் போயர், இல்லாத வருடம் தலைச்சேரி. சொந்த மகளோடு சேராதபடி கன்னிக் கிடாவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். எந்த இனமானாலும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி தவறக் கூடாது. இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கு வாய்ப்பு. கிடா வாங்குமுன் அங்கே போய்க் கேளுங்கள், நான் வாங்கிய பிறகு போனேன்.

கலப்புக் குட்டிகளின் காதில் பிறந்த வாரத்திலேயே அடையாளம் போட்டுவிடுகிறேன். அதில் பெட்டைக்குட்டி எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும், வீட்டில் யார் கேட்டாலும், அது தாயாக நிற்காது, சந்தைக்குத்தான் போகும்.